மஞ்சத் தண்ணி

"அதான் பாதாள சாக்கடை வந்துடுச்சேடா. கம்பெனித் தண்ணியையும் அதுலயே வுட்டுட்டா வாய்க்காலாவது தப்பிக்கும்ல?"

புதுச்சேரி-கடலூர் எல்லையில் இருக்கிற முள்ளோடை டீக்கடையில் போன வாரம் நண்பன் கேட்டான். படித்தவன், ஊர் மேல் அக்கறை உள்ளவன். அதனால்தான் பதிலை இங்கே எழுதுகிறேன். டீக்கடையில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் புதுச்சேரிப் பக்கம் முலாம் பூசுகிற ஒரு சின்ன கம்பெனியில் ஈடிபி ஆபரேட்டராக ரெண்டு வருஷம் இருந்தேன். ஈடிபி என்றால் கம்பெனிக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற இடம், பேர்தான் பெரிசு. நாலு சிமென்ட் தொட்டி, ஒரு மோட்டார், ஆசிட் அளவு காட்டுகிற பிஎச் பேப்பர் ஒரு டப்பா, அவ்வளவுதான். குரோம் தொட்டியில் முக்கி எடுத்த சாமானைக் கழுவின தண்ணீர் நல்ல மஞ்சளாக வரும். அதற்கு எங்களுக்குள் 'மஞ்சத் தண்ணி' என்றே பேர். சடங்கு வீட்டில் சொல்ல வேண்டிய வார்த்தை. அந்த மஞ்சள் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது.

ஆசிட் விட்டு பிஎச்சை மூன்றுக்குக் கீழே இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும், அதாவது விஷம் குறைந்த குரோமியமாகும். முதல் தடவை பார்த்தபோது வித்தை காட்டின மாதிரி இருந்தது. பச்சையானதும் சுண்ணாம்பு போட வேண்டும், சேறு அடியில் படியும். அதை அள்ளிக் காயவைத்து, மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு புதைக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். மெட்டாவுக்குக் காசு, லாரிக்குக் காசு, புதைக்கவும் காசு.

மெட்டா மூட்டை தீர்ந்துபோன நாளில் சூப்பர்வைசர் ஒரே வார்த்தை சொல்வார்: "போர் தண்ணி வுட்டு அடிப்பா." ரெண்டு மணி நேரம் போர் மோட்டார் ஓடினால் மஞ்சள் வெளிறி எலுமிச்சை ஜூஸ் கலருக்கு வரும், அப்புறம் கண்ணுக்கே தெரியாது. காம்பவுண்டுக்கு வெளியே இருந்த மேன்ஹோலில் போய் விழும். வால்வைத் திறந்தது இந்தக் கைதான். மறைக்க ஒன்றுமில்லை.

இனி நண்பனுக்குப் பதில். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கழிவுநீருக்கு ஒரு பொது அட்டவணை இருக்கிறது. ஆறு, ஏரியில் விட்டால் ஒரு அளவு, பொதுச் சாக்கடையில் விட்டால் வேறு அளவு. பிஓடி, அதாவது அழுகுகிற சரக்கு, ஆற்றுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், சாக்கடைக்கு 350. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா இருக்கிறது, தின்றுவிடும். ஆனால் அதே அட்டவணையில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் ஆற்றுக்கு 0.1, சாக்கடைக்கு 2. இருபது மடங்கு! ஈயம் 0.1, சாக்கடைக்கு 1. சயனைடு 0.2, சாக்கடைக்கு 2. பாக்டீரியா குரோமியத்தையும் ஈயத்தையும் தின்னுமா? அளவு கூடினால் பாக்டீரியாதான் சாகும். இல்லையென்றால் உலோகம் அடிச்சேற்றில் உட்காரும், அந்தச் சேறு எரு என்று வயலுக்குப் போகும். மிச்சம் தண்ணீரோடு கடலுக்கு. போர் தண்ணி விட்டு எங்கள் கம்பெனி விஷத்தை நீர்க்கவைத்த மாதிரி, ஊரே தன் குளித்த தண்ணியில் நீர்க்கவைத்துத் தருகிறது, அதுவும் விதிப்படி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நினைத்தால் இதைவிடக் கடுமையான அளவை வைக்கலாம். நினைக்க வேண்டும்.

ஆசிட் வேறு கதை. சாக்கடைக்குள் ஏற்கெனவே சல்பைடு ஊறிக்கிடக்கும். அதில் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷவாயு பொங்கும். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக விஷவாயு ஏறி மூன்று பெண்கள் செத்தார்கள், ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குக் கம்பெனிக் கழிவு காரணம் என்று நான் சொல்லவில்லை. வெறும் வீட்டுச் சாக்கடையிலேயே அந்த வாயு உண்டாகும். அந்தக் குழாயில் ஆசிட்டையும் சேர்க்கலாம் என்பவர்கள் ஒருநாள் அந்தத் தெருப் பக்கம் போய்வரட்டும்.

கடலூர்க்காரர்களுக்குக் கழிவு என்றால் சிப்காட் தொழிற்பேட்டையும் உப்பனாறும்தான் ஞாபகம் வரும். 2025 மே மாதம் குடிகாட்டில் கழிவுநீர்த் தொட்டி வெடித்து ஊருக்குள் பாய்ந்தபோது ஜனம் ரோட்டுக்கு வந்தது, அதிகாரிகளும் வந்தார்கள். மேன்ஹோலுக்குள் போகிற தண்ணிக்கு யார் ரோட்டுக்கு வருவார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் வருஷத் தண்ணீர்ச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆறு, கிணறோடு சாக்கடையையும் சேர்த்தே சொல்கிறது. மீறினால் ஒன்றரை வருஷத்திலிருந்து ஆறு வருஷம் வரை ஜெயில் என்று இருந்தது. 2024 திருத்தம் அந்த ஜெயிலை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது. மாநிலங்கள் என்றால் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு நேராக வந்துவிட்டது. முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலைதான் மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜெயிலுக்கு யாரும் போய் நான் பார்த்ததில்லை, அது வேறு. ஆனால் 10,000 ரூபாய் என்பது தண்டனையா, மாதச் செலவா?

வாரியத்து ஆட்கள் கம்பெனிக்குள் வந்து சாம்பிள் எடுத்துப் பிடிக்க முடியாது. ஜீப் கேட்டுக்குள் வருவதற்கு முன்னால் போர் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். வாரியத்துக்குச் சொல்கிறேன்: காம்பவுண்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட தொட்டி வை, சாவி உன்னிடம் இருக்கட்டும், ராத்திரி வந்து எடு. அதைவிட சுலபம் கணக்கு நோட்டு. மாதம் குரோம் தொட்டிக்கு எத்தனை கிலோ குரோமிக் ஆசிட் வாங்கினான், எத்தனை மூட்டை மெட்டா வாங்கினான், எத்தனை டன் சேறு அனுப்பினான். மூன்று பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டாம்.

நான் இருந்த ரெண்டு வருஷத்தில் குரோமிக் ஆசிட் மாதா மாதம் வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு மூன்றே மூன்று லாரி போனது. போர் மோட்டாருக்கு ரெண்டு தடவை காயில் கட்டினோம்.