அன்னாவுக்கு அந்த 26 நாட்கள் போதாது

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கையைப் படமாக்க நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது 1866 அக்டோபர்தான். படாமல் எப்படி இருக்கும்? ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். நவம்பர் 1-க்குள் புது நாவல் வரவில்லை என்றால், அடுத்த ஒன்பது வருடம் தஸ்தயெவ்ஸ்கி எழுதுவதையெல்லாம் அவர் காசு தராமலே அச்சிட்டுக்கொள்ளலாம். ‘குற்றமும் தண்டனையும்’ இன்னும் முடியவில்லை. புது நாவலில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நேரத்தில்தான் சுருக்கெழுத்து கற்ற 20 வயதுப் பெண் அன்னா அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். 26 நாளில் ‘சூதாடி’ முடிந்துவிடுகிறது.

1981-ல் ஜார்ஹி இயக்கிய சோவியத் படம் இந்த நாட்களைத்தான் எடுத்துக்கொண்டது. தஸ்தயெவ்ஸ்கியாக நடித்த சொலோனிட்சினுக்கு பெர்லின் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. 1997-ல் மைக்கேல் காம்பன் நடித்த ‘த கேம்ப்ளர்’ படம் ‘சூதாடி’ நாவலின் கதையையும் இதோடு சேர்த்துப் பின்னியது. இரண்டிலும் எனக்கு ஒரே வருத்தம்தான். அன்னாவை அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்னாவின் நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். முதல் நாள் அவரைச் சோதிக்க தஸ்தயெவ்ஸ்கி ஒரு பத்திரிகையிலிருந்து வேகவேகமாக வாசிக்கிறார். கொஞ்சம் மெதுவாக என்று அன்னா கேட்கிறார். எழுதிக் காட்டியதும், ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதே என்று அவர் கடுகடுக்கிறார். அப்புறம் தினமும் மதியம் 12 முதல் 4 வரை அவர் சொல்லச் சொல்ல அன்னா குறித்துக்கொள்வார். வீட்டுக்குப் போய் அத்தனையையும் முழு எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டு மறுநாள் வருவார். இது காதல் கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காதல் வளர்ந்ததே இந்த வேலைக்குள்தான்.

கல்யாணத்துக்கு அப்புறம் நடந்தது இதைவிடப் பெரிய கதை. 1867-ல் வெளிநாடு போனார்கள். நான்கு வருடம் அங்கேயே. சூதாட்ட மேசையில் அவர் தோற்கத் தோற்க, அன்னாவின் தோடும் ப்ரூச்சும் அடகுக்குப் போயின. 1871-ல் அவர் சூதாட்டத்தை அடியோடு விட்டார். ஊர் திரும்பியதும் கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களிடம் பேசித் தவணை வாங்கியது அன்னாதான்.

பதிப்பாளர்களை நம்பி இனிப் பயனில்லை என்று ‘பேய்கள்’ நாவலைத் தாங்களே அச்சிட முடிவு செய்தார்கள். கடைக்காரர்கள் எவ்வளவு கழிவு கேட்பார்கள், தாளைக் கடனுக்கு எங்கே வாங்கலாம் என்று அன்னா ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். 3,500 பிரதிகள். விலை மூன்றரை ரூபிள். 1873 ஜனவரியில் விளம்பரம் வந்த அன்றே புத்தகக் கடை ஆட்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். இரவெல்லாம் எழுதுகிற மனிதர் வழக்கம்போலத் தாமதமாக எழுந்து வந்து, ஒரு புத்தகமாவது போயிற்றா என்று விளையாட்டாகக் கேட்கிறார். ஒன்றல்ல, 115 என்கிறார் அன்னா. அவர் நம்பவில்லை. வேடிக்கை செய்கிறாள் என்றே நினைக்கிறார். அன்னா சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் காட்டுகிறார்.

இந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் யாராவது படமாக எடுத்தால் போதும், முதல் காட்சிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.