மைக்கை புடுங்கினது சரி, நான் என்ன பேசினேன்னு யாராவது கேட்டீங்களா?

ஒரு கூட்டத்துல நான் பேசிட்டிருக்கறப்ப என் மைக்கை புடுங்கினாங்களே, அந்த 40 செகண்ட் வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு. 11 பேர் எனக்கே ஃபார்வேர்ட் பண்ணிட்டீங்க, ரொம்ப நன்றி. "இந்த மாதிரி ஆளுங்கள மொதல்ல உள்ள தூக்கிப் போடணும்"னு சொல்லி மைக்கை புடுங்கினாரே அந்த சார், அதுக்கு முன்னாடி நான் பேசின 20 நிமிஷம் வீடியோல இல்ல. பேசினது 1917ல முதல் உலகப் போருக்குள்ள போன அமெரிக்கா பத்தி. நம்ம ராணுவத்தப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. தலைப்பு குடுத்ததே கூட்டம் நடத்தினவங்கதான்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். சண்டை நடந்தது பிரான்ஸ்ல, மாறிப்போனது அமெரிக்காக்காரன் வீடு.

1916 தேர்தல்ல அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஓட்டு கேட்டதே நம்மள போருக்குள்ள இழுக்காம காப்பாத்தினவர்னு சொல்லித்தான். அஞ்சு மாசம் கூட ஆகல, 1917 ஏப்ரல் 2ஆம் தேதி அவரே காங்கிரஸ்ல, அதாவது அவங்க பார்லிமென்ட்ல, வந்து நின்னு போர் வேணும்கறார், 6ஆம் தேதி ஜெர்மனி மேல போர் அறிவிச்சாச்சு. ஜூன்ல எஸ்பியனேஜ் ஆக்ட். உளவாளியப் புடிக்கத்தான்னாங்க. அடுத்த மே மாசம் செடிஷன் ஆக்ட், அரசாங்கத்தையோ கொடியையோ ராணுவ யூனிஃபார்மையோ கேவலமா பேசினா 20 வருஷம் வரைக்கும் ஜெயில். யூஜின் டெப்ஸ்னு ஒரு சோஷலிஸ்ட் தலைவர், ஒஹையோல கான்டன்கற ஊர்ல ஒரு மேடைப்பேச்சு பேசினார். துப்பாக்கி தூக்கல, ரகசியம் விக்கல, பேசினார். 10 வருஷம் தண்டனை. ஜெயில்ல இருந்துகிட்டே 1920 ஜனாதிபதி தேர்தல்ல நின்னு 9 லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கினார். அவரையாவது பேச்ச முடிக்க விட்டாங்க, அத நினைச்சா எனக்கு பொறாமையா இருக்கு.

சட்டம் கூட பரவால்லைங்க. பக்கத்து வீட்டுக்காரன் மாறினான் பாருங்க, அதுதான். பள்ளிக்கூடங்கள்ல ஜெர்மன் பாடத்த நிறுத்தினாங்க. சவர்க்ராட்னு ஜெர்மன்காரங்க முட்டைக்கோஸ் புளிக்க வெச்சு சாப்புடுவாங்க, அதுக்கு 'லிபர்ட்டி முட்டைக்கோஸ்'னு பேர வெச்சாங்க. சிரிப்பு வருதுல்ல? ராபர்ட் பிராகர்னு ஒரு ஜெர்மன்காரர், அமெரிக்க கடற்படைல சேரப் போனவர், எடுத்துக்கல. 1918 ஏப்ரல்ல இல்லினாய்ஸ்ல காலின்ஸ்வில்ங்கற ஊர்ல கும்பல் அவர இழுத்துட்டுப் போய் மரத்துல தூக்குல போட்டுச்சு. அதுக்கு முன்னாடி அப்பா அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக்கன்னு பெருந்தன்மையா டைம் குடுத்தாங்க. கேஸ் நடந்துச்சு, 11 பேரும் விடுதலை.

இங்க எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லிடறேன். எங்க தாத்தாவுக்கும் பக்கத்து ஊருக்கும் வாய்க்கா தண்ணி கேஸ், 14 வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார். பெரியம்மா அந்த ஊர்ப் பொண்ணு. கேஸ் போட்ட வருஷம் அவங்க அண்ணன் பொங்க சீர் கொண்டு வந்தப்ப வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தம்மாவுக்கு வர்ற லெட்டரெல்லாம் மொதல்ல தாத்தா கைக்குப் போகும். ஏன்ப்பான்னு கேட்ட எங்கப்பாவுக்கு அறை. கடைசில கேஸ் ராஜியாயிடுச்சு, ரெண்டு ஊரும் ஒண்ணா கெடா வெட்டி சாப்டாங்க. ஆனா கதை சொல்றப்ப "எங்க ஊர்ல"ன்னு ஆரம்பிக்கற பெரியம்மா, அப்புறம் சாகற வரைக்கும் "அந்த ஊர்ல"ன்னுதான் சொன்னாங்க.

சரி, இப்ப கேப்பீங்க. அப்ப ஜெர்மனி நல்லவனா? இல்ல சாமி, நீர்மூழ்கி அனுப்பி கப்பல் கப்பலா மூழ்கடிச்சான், அமெரிக்கா மேல பாயச் சொல்லி மெக்ஸிகோவ தூண்டி விட்டான், அமெரிக்கா போனது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. வல்லரசு ஆச்சே? ஆச்சு. போதுமா? பொண்ணுங்களுக்கு ஓட்டு வந்துச்சேன்னு ஒரு தோழி கேட்டாங்க, நியாயமான கேள்வி, 1918ல வில்சனே செனட்ல போய் போருக்கு இது அவசியம்னு பேசினார், 1920ல வந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா அதே ஓட்டுக்காக 1917ல வெள்ளை மாளிகை வாசல்ல அட்டை புடிச்சு நின்ன பொண்ணுங்கள ஜெயில்ல போட்டு, உண்ணாவிரதம் இருந்தவங்க தொண்டைல குழாய் விட்டு பாலும் பச்சை முட்டையும் ஊத்தினதும் அதே அரசாங்கம்தானே? அதையும் சேத்து சொல்லுங்க.

அமெரிக்கா கதை நமக்கெதுக்குன்னு கேக்கற அண்ணனுக்கு: 1914ல மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்க்க கொளுத்தின ஜெர்மன் போர்க்கப்பல் பேருதான் நீங்க உங்க பையன 'சரியான எம்டன்'னு திட்டறீங்களே, அது. இந்தியாவுக்கு விடுதலை கேட்ட கதர் கட்சிக்காரங்கள அமெரிக்கா சான்பிரான்சிஸ்கோல கோர்ட் கூண்டுல ஏத்தினதும் இந்தப் போருக்குள்ள வந்த அதே 1917லதான்.

போர் முடிஞ்சதும் எல்லாம் பழையபடி ஆயிடும்னு அந்த சார் மேடைல சொன்னார். செடிஷன் ஆக்ட 1920ல எடுத்தாங்க. எஸ்பியனேஜ் ஆக்ட் இன்னிக்கும் இருக்கு சார், அமெரிக்க அரசாங்கம் ரகசியமா வேவு பாத்தத வெளிய சொன்ன ஸ்னோடன் மேல கேஸ் போட்டது அதுலதான். 100 வருஷம் தாண்டியாச்சு, இன்னும் என்ன பழையபடி?

என்னைய துரோகின்னு சொன்னது கூட வலிக்கல. முன் வரிசைல எனக்கு 30 வருஷமா தெரிஞ்சவங்க 6 பேர் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் செருப்பப் பாத்தார், ஒருத்தர் ஃபோன எடுத்தார். யார் யார்னு எழுத மாட்டேன், அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு, வேலை இருக்கு.

நேத்து ராத்திரி என்னோட பழைய போஸ்ட் ரெண்ட நானே டெலிட் பண்ணேன். ஏங்க எடுத்தீங்கன்னு வீட்ல கேட்டாங்க. ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு சொன்னேன்.