23 யென் 50 சென்னுக்கு விலைபோன கோட்டை

ஜப்பான் போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "பழமையைப் பேணுவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது." ஹிமேஜி கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

முந்தைய நாள் ஒசாகா கோட்டைக்குப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்து வாயைப் பிளந்தேன். உள்ளே போனால் லிஃப்ட்! பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஒன்றுபடுத்திய ஹிதெயோஷியின் கோட்டை 1615 போரில் எரிந்தது. பிறகு நாட்டை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தினர் எழுப்பிய கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்தது. இப்போது நிற்பது 1931இல் மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டிய கான்கிரீட் கோபுரம்.

ஹிமேஜி அப்படியில்லை. இக்கேதா தெருமாசா என்ற பிரபு 1609இல் கட்டி முடித்த அதே மரக் கோபுரம். வாசலிலேயே காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். படிகளைப் படிகள் என்று சொல்வது மரியாதைக்காகத்தான், உண்மையில் அவை ஏணிகள். வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு. உள்ளே ஆறு தளங்கள், அடியில் ஒரு நிலவறை.

சரி, இதைப் பேணியது யார்? 1870களில், தோக்குகாவா ஆட்சி போய் வந்த மெய்ஜி பேரரசரின் புதிய அரசுக்குக் கோட்டைகள் வேண்டாத சுமை. நாடெங்கும் இடித்துத் தள்ளினார்கள். ஹிமேஜி 23 யென் 50 சென்னுக்கு (நூறு சென் ஒரு யென்) ஏலம் போனது என்றும், வாங்கியவர் இடிப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டார் என்றும் சொல்கிறார்கள். 1878இல் நகாமுரா ஷிகெதோ என்ற ராணுவ கர்னல் இதைக் காப்பாற்றச் சொல்லி மேலிடத்துக்கு மனுப் போட்டார். ஹிஷி வாயிலுக்குள் நுழைந்ததும் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நான் நின்ற சில நிமிடங்களில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1945 ஜூலையில் குண்டுவீச்சில் நகரம் எரிந்து சாம்பலானது. கோட்டை மட்டும் நின்றது. மேல்தளத்தில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லையாம். இதில் ரத்தம் எங்கே வந்தது? ஒருவருடைய கஞ்சத்தனம், ஒருவருடைய பிடிவாதம், ஒரு குண்டின் கோளாறு.

பாராட்ட வேண்டுமென்றால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாராட்டுங்கள். 1956 முதல் 1964 வரை கோபுரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி கோத்தார்கள். அடித்தளம் அமிழ்ந்து கோபுரம் சாய்ந்திருந்ததால் கீழே கான்கிரீட் போட்டார்கள். (முந்தைய நாள் ஒசாகாவைக் கேலி செய்த எனக்கு இது தலையில் ஒரு குட்டு.) 2009 முதல் 2015 வரை கூரையையும் சுண்ணாம்புப் பூச்சையும் புதுப்பித்தார்கள். சுண்ணாம்பில் சணல் நாரும் கடற்பாசிக் கூழும் கலந்த பூச்சு அது. வேலை முடிந்ததும் ஊர்க்காரர்களே கேலி செய்தார்கள்: 'ஷிராசாகி', அதாவது வெள்ளைக் கொக்கு என்ற செல்லப்பெயர் போய் 'ஷிரோசுகி', அளவுக்கு மீறிய வெள்ளை, ஆகிவிட்டதாம்.

என்னைக் கட்டிப்போட்டது மேற்குத் தூண்தான். நிலவறையிலிருந்து மேல்தளம் வரை கோபுரத்தைத் தாங்கும் இரண்டு பெருந்தூண்களில் ஒன்று. உயரம் ஏறக்குறைய 25 மீட்டர். 1956இல் தொடங்கிய அந்தப் பணியின்போது, பழைய தூண் உளுத்துப்போனதால் மலைப்பகுதியான கிசோவின் காட்டில் ஒரு ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தை வெட்டினார்கள். கொண்டுவரும்போதே அது முறிந்தது. வேறு வழியில்லாமல் கிசோ மரம் ஒன்றைக் கீழேயும், அருகிலுள்ள கோயில் காட்டு மரம் ஒன்றை மேலேயும் வைத்து மூன்றாம் தளத்தில் பொருத்தினார்கள். அங்கே தூணில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த கூட்டம் காலணிப் பைகளைச் சரசரக்க விட்டுக்கொண்டு, மேலே படம் எடுக்க ஏறிக்கொண்டிருந்தது.