காற்றுக்கு வழி விடாத மதில்

2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது ஒரு கொட்டிலும் சுற்றிவரக் கிடுகு வேலியும்தான் போட்டோம். வீடு எழும்பி, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, வேலியைப் பிடுங்கிவிட்டு ஆறடிக்குச் சீமெந்துக்கல் மதில் கட்டியது. ஊரில் அதுதான் மரியாதை.

அடுத்த ஆடியில் அம்மா சொன்னா: "தம்பி, வேலி இருக்கேக்க முத்தத்தில பாய் போட்டுப் படுத்தனாங்கள். இப்ப புழுதிதான் வந்து படுக்குது."

அப்போது சிரித்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் அம்மா சொன்னது அப்படியே சரி. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, மதிலில் மோதி மேலே ஏறும். ஏறினது மறுபக்கம் இறங்கிச் சுழலும். அந்தச் சுழலில்தான் முற்றத்துப் புழுதி எழும்புகிறது. கிடுகு வேலியோ காற்றில் ஒரு பங்கை உள்ளே விட்டு, மிச்சத்தின் வேகத்தைக் குறைக்கும். வேலியின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று அடங்கி வரும். காற்றை மறிப்பது வேறு, பழக்கி எடுப்பது வேறு.

தாய்வானின் தைச்சுங் நகரில், பழைய விமான நிலையக் காணியில் கட்டடக் கலைஞர் பிலிப் ராமும் நிலத்தோற்றக் கலைஞர் கத்ரீன் மோஸ்பாக்கும் ஒரு பூங்கா அமைத்திருக்கிறார்கள். அந்தக் காணியில் எங்கே சூடு குறைவு, எங்கே ஈரம் குறைவு, எங்கே காற்று சுத்தம் என்று முதலில் கணினியில் பார்த்தார்கள். குளிர்ந்த இடத்தை இன்னும் குளிராக்க அதற்கேற்ற மரங்களை நட்டார்கள். பாதையும் இருக்கையும் அதற்குப் பிறகுதான். கல்லையும் மண்ணையும் போலக் காற்றையும் கட்டடப் பொருளாக எடுத்தால் வேலை இப்படித்தான் தொடங்கும்.

இங்கே பூங்கா என்றால் முதலில் மதில், பிறகு இன்டர்லொக் கல், பிறகு பெயர்ப்பலகை. மரம் கடைசியில் வரும், வந்தால். மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கல்லில் ஒருக்கால் செருப்பில்லாமல் நின்று பாருங்கள்.

இதே சோளகத்தில் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் போய் நில்லுங்கள். கட்டு வடக்கே, தண்ணீர் தெற்கே. காற்று அவ்வளவு தண்ணீரையும் தடவிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும். சனம் சும்மாவா அங்கே போய் உட்காருகிறது? பூங்கா கட்டுகிறவர்கள் வரைபடம் கீறுவதற்கு முதல் அந்தக் கட்டில் ஒரு பின்னேரம் இருக்க வேண்டும்.

சரி, என் மதிலுக்கு வருகிறேன். தென்மேற்குப் பக்கம் மேல் மூன்று வரியை இடித்துக் காற்றுப் போக ஓட்டை விட்ட பூக்கல் வைக்கப்போகிறேன், வெளியே ஒரு வேம்பும் பூவரசும். மேசனிடம் சொன்னேன். "கள்ளனுக்கு ஏற வசதியா இருக்கும் அண்ணை" என்றார்.