வீவரின் கையில் இருந்த அட்டைகள்

யூடியூபில் ஏர்ல் வீவர் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு சண்டை. 1980 செப்டம்பர், பால்டிமோர். அம்பயர் பில் ஹாலர் சட்டையில் அன்று மைக் மாட்டியிருந்தார்கள், அதனால் இரண்டு பேரும் திட்டிக்கொண்டது அத்தனையும் பதிவாகிவிட்டது. இன்றைக்கும் அதைப் பகிர்ந்து சிரிக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. பால்டிமோரின் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸை 1968 நடுவில் மேனேஜராகக் கையில் எடுத்து 1982 வரை, அப்புறம் 1985, 86 என்று நடத்தி 1480 ஆட்டம் ஜெயித்தவர் அவர். அந்த மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தது தொப்பியைப் பின்பக்கம் திருப்பிவிட்டு அம்பயர் மூக்குக்கு நேரே நின்று கத்தியது மட்டும்தானா?

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஒன்று. கிரிக்கெட்டில் பந்து யாரிடம் போக வேண்டும் என்று மைதானத்தில் நிற்கும் கேப்டன் முடிவு செய்வார். இங்கே அந்த வேலை மேனேஜருடையது. வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு மைதான ஓரத்து டக்அவுட்டில் உட்கார்ந்து, யார் ஆடுவது, யார் எந்த வரிசையில் இறங்குவது, பந்து போடும் பிட்சரை எப்போது எடுப்பது எல்லாம் அவர்தான். மட்டை பிடித்தவன் மூன்று பேஸ்களைத் தொட்டுச் சுற்றி வீட்டுக்கு, அதாவது கிளம்பிய இடத்துக்கே, வந்தால் ஒரு ரன். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம்.

வீவரின் கணக்கு 27-இல் ஆரம்பிக்கிறது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். நம் கையில் இருக்கும் சொத்து அவ்வளவுதான். மட்டையைச் சும்மா வைத்துப் பந்தைத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, முன்னால் நிற்பவனை ஒரு பேஸ் தள்ளிவிடும் பன்ட் ஆட்டம் அவருக்கு அறவே பிடிக்காது. ஒரு ரன்னுக்கு ஆசைப்பட்டால் ஒரு ரன்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அடிக்க முடியாத பந்தை விட்டுவிட்டு நில், நான்கு கெட்ட பந்து வந்தால் நடந்தாவது முதல் பேஸுக்குப் போ, அப்படி இருவர் நிற்கும்போது பின்னால் வருகிறவன் வேலிக்கு அப்பால் ஹோம் ரன் அடித்தால் மூன்று பேராக வீட்டுக்கு வருவோம். இதோடு நல்ல பிட்சிங், நல்ல ஃபீல்டிங். 1971-இல் பால்மர், மெக்னாலி, குவேயர், டாப்சன் என்று அவருடைய நான்கு பிட்சர்கள் ஆளுக்கு 20 வெற்றிக்குக் குறையாமல் எடுத்தார்கள்.

நான் அவர்மேல் உயிராக இருப்பதற்குக் காரணம் அந்த அட்டைகள். கணினி யார் மேசையிலும் இல்லாத காலத்திலேயே, எந்த பேட்டர் எந்த பிட்சரிடம் எப்படி ஆடியிருக்கிறான் என்று சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்திருப்பார். பூக் பவல் 1970-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கியவர், மலை மாதிரி ஆள். டெட்ராய்ட்டின் மிக்கி லோலிச் பந்து போட்டால் மட்டும் அவரால் முடியாது. அன்றைக்கு அவரை உட்கார வைத்துவிட்டு, பெயர் தெரியாத சிக்கோ சால்மனை இறக்குவார். சால்மனுக்கு லோலிச் பந்து பிடிபடும். அவ்வளவுதான் விஷயம். இடதுகைக்காரர் லோவென்ஸ்டைன், வலதுகைக்காரர் ரெனிக்கி இருவரையும் எதிரே நிற்கும் பிட்சரைப் பார்த்து லெஃப்ட் ஃபீல்டில் மாற்றி மாற்றி ஆட வைத்தார். 1982-இல் ஒருவர் 24, இன்னொருவர் 21 ஹோம் ரன்.

உன்னால் முடியாததை உன்னிடம் கேட்க மாட்டேன், உன்னால் முடிகிற இடத்தில் உன்னை நிறுத்துவது என் வேலை. அந்த அட்டைகளில் நான் படிப்பது இதைத்தான். வீவரே பல வருஷம் சிறிய லீக்குகளில் ஆடி, கடைசிவரை பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். திறமை கொஞ்சம் போதாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கால் ரிப்கனையும் சொல்ல வேண்டும். 1982 ஆரம்பத்தில் பந்தே படாமல் திணறிய புதுப் பையன். வீவர் அவரைத் தொடர்ந்து ஆட வைத்தார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடம் சின்ன உடம்புக்காரர்களுக்கானது என்று ஊரே நம்பிய காலத்தில், ஜூலை 1 அன்று அந்த ஆறடி நாலு அங்குலப் பையனை அங்கே நிறுத்தினார். தொடர்ச்சியாக 2632 ஆட்டம் ஆடியது அந்தப் பையன்தான்.

இன்றைய புள்ளிவிவர ஆட்டத்துக்கு வீவர்தான் தாத்தா என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். 2020 உலகத் தொடரின், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரின், ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் 1-0 என்று முன்னணியில் இருக்கும்போது, 73 பந்து மட்டுமே போட்டிருந்த பிளேக் ஸ்னெல்லை வெளியே எடுத்தார். பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிப்பார்கள் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அடுத்து வர வேண்டிய மூன்று பேரும் அன்று ஸ்னெல்லிடம் ஆடிய ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட், பந்தை அடிக்கவே முடியாமல் அவுட்! எதிரணி டாட்ஜர்ஸ் 3-1 என்று ஜெயித்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு வேறு, இந்த ஆள் அந்த ஆளிடம் எப்படி என்கிற கணக்கு வேறு. வீவர் வைத்திருந்தது இரண்டாவது.

சண்டைக்காரர் என்பவர்களுக்கு 1977 டொராண்டோவைச் சொல்கிறேன். ஆடுகள ஓரத்தில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் செங்கல் வைத்திருந்தார்கள். பந்தைத் துரத்தி ஓடுகிறவன் கால் போய்விடும், எடுங்கள் என்றார். முழுசாக எடுக்கவில்லை. பட்டத்துக்கான போட்டி சூடாக இருந்த செப்டம்பர் அது. அணியை மொத்தமாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் எதிரணிக்குப் போனது, போகட்டும் என்று விட்டார்.

இதையெல்லாம் இன்று எழுதுவதற்குக் காரணம் என் மகன். பத்து வயது, ஒல்லி. இங்கே மேரிலாந்தில் பேட்டைப் பிள்ளைகளின் அணி ஒன்றில் ஆடுகிறான். போன சனிக்கிழமை இரண்டு முறை மட்டை பிடித்தான், இரண்டு முறையும் கோச் "பன்ட், பன்ட்" என்று கத்தினார். இரண்டிலும் அவுட். பெஞ்சுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான், பட்டை மோவாயை அழுத்திக்கொண்டிருந்தது. அடிக்கத் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் கெட்ட பந்தைத் தொடாமல் நிற்கும் கண் அவனுக்கு இருக்கிறது. இந்த சீசனில் ஒன்பது முறை நடந்தே முதல் பேஸுக்குப் போயிருக்கிறான். தேதி போட்டு, எந்தப் பிள்ளை பந்து போட்டது என்பதுவரை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

அதை ஒரு அட்டையில் எடுத்து எழுதிவிட்டேன். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். அரை மணி முன்னதாகப் போய் கோச்சிடம் கொடுக்கப் போகிறேன்.