எந்த நாட்டுக்கு?

கணக்காளர் வேலையை விட்டுவிட்டுத் தாதியம் படிக்க விரும்புகிறேன் என்று என் மனைவியிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர் மறுநாள் பாடசாலைக்கு உடுத்திச் செல்லும் சேலையை அயன் செய்துகொண்டிருந்தார். இந்த 36 வயதிலா, வீட்டுச் செலவுக்கு என்ன வழி, ஆம்பிளைக்கு இது என்ன வேலை என்ற மூன்று கேள்விகளை எதிர்பார்த்து, மூன்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எந்த நாட்டுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு நாட்டுக்கும் இல்லை, இங்கேயேதான் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. அவருடைய தங்கையின் கணவரும் “ஒரு கோர்ஸ் செய்து பார்க்கப்போகிறேன்” என்றுதான் தொடங்கினார். இப்போது பிரித்தானியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகச் செல்பவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பின்னரே அவர் புறப்பட்டார். தங்கை இரண்டு பிள்ளைகளுடன் இங்கே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அந்த வீட்டில் தொலைபேசி ஒலிக்கும் நேரம் எது என்பது எங்கள் மகளுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் இது என் மனைவியின் கேள்வி மட்டுமல்ல. கொழும்பில் நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் யாரிடமாவது தாதியம் படிக்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். வெளிநாடு போக எழுதும் ஆங்கிலப் பரீட்சைகளான ஐஇஎல்டிஎஸ் எடுத்துவிட்டீர்களா, ஓஈடி சுலபமாமே, அவுஸ்திரேலியா நல்லதா கனடா நல்லதா என்றுதான் பேச்சுப் போகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒருவராவது வெளியேறாத வீடு எங்கள் தொடர்மாடியில் இல்லை. போனவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. வெளிநாடு போவதற்கென்றால் ‘கெட்டித்தனம்’ என்று மெச்சப்படும் அதே தொழில், கொழும்பிலேயே செய்யப்போகிறேன் என்றவுடன் ‘உமக்கு என்ன குறை, ஏன் இந்த நிலை’ என்ற அனுதாபத்துக்கு உரியதாகிவிடுகிறது. நம் ஊர் நோயாளியின் மலம் துடைப்பது இழிவு, அடுத்த நாட்டு நோயாளியின் மலம் துடைப்பது முன்னேற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது அப்பாவின் கட்டிலருகில். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்திருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் ஆண்கள் வார்ட்டில் 17 நாட்கள் இருந்தார். துணைக்கு நிற்க அனுமதித் துண்டு வாங்கிப் பெரும்பாலான இரவுகள் நானும் இருந்தேன். அங்கே தாதியருக்குக் காலை 7 முதல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, பிறகு மறுநாள் காலை 7 வரை நீளும் இரவு முறை. நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டில்களுக்கு அந்த இரவுகளில் இரண்டு அல்லது மூன்று பேர். படுக்கைப் புண் வராமல் இருக்க அப்பாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவார்கள். முறிந்த இடுப்பை அசைக்காமல், கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகத் திருப்புவதை ஐந்தாறு முறை பார்த்த பின்னர்தான் அதில் எவ்வளவு கைப்பழக்கம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. அவர் ஒருமுறை ‘குத்துது’ என்பார், ஒருமுறை ‘உளையுது’ என்பார், காலின் கீழ்ப்பகுதி ‘விறைக்குது’ என்பார். மூன்றும் மூன்று வேறு செய்திகள். என்னிடம் இருந்த சிங்களத்தில் மூன்றுக்கும் சேர்த்து ‘ரிதெனவா’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அப்பாவின் நோவு ஒரே நோவாகச் சுருங்கிக்கொண்டே போனது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனிடம் தமிழில் மருத்துவம் படித்த சமூகம் நாம். 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழியும்கூட. அந்த வார்ட்டில் இரவு இரண்டு மணிக்கு இவை எதுவும் எங்களுக்கு உதவவில்லை. உதவியவர் அநுராதபுரம் பக்கத்தைச் சேர்ந்த, என் வயதுடைய ஓர் ஆண் தாதி. என்னிடம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, பொருளைக் கையால் நடித்துக் காட்டச் சொல்லி, ஒரு காகிதத்தின் பின்புறத்தில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த இரவு அவரே அப்பாவிடம், “ஐயா, குத்துதா, உளையுதா?” என்று கேட்டார். அப்பா பத்து நிமிடம் விடாமல் பேசினார். அந்தத் தாதிக்கு அதில் பாதியும் விளங்கியிராது.

இவற்றையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னை மிகவும் தடுமாற வைத்தது. “மெடிசின் கிடைக்காத கவலை இன்னும் போகவில்லையோ?” நான் உயர்தரத்தில் உயிரியல் படித்து, மூன்று முறையும் எழுதி, மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாமல் கணக்கியலுக்குத் திரும்பியவன் என்பதை அவர் அறிவார். உடனே மறுக்க எனக்கு முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, 19 வயதில் நான் ஆசைப்பட்டது டொக்டர் என்ற பெயருக்கு, நோயாளியைப் பற்றி அப்போது நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வந்து கணக்கு எழுதத் தொடங்கினார்.

கணக்கு இலகுவானதல்ல. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சி, கொடுப்பனவும் உண்டு. ஆனால் வர்த்தமானியில் கோரப்படும் வயதெல்லையை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். எஞ்சியிருப்பது காசு கட்டிப் படிக்கும் தனியார் வழி. அதில் சேருமுன் விசாரிக்க வேண்டியது, அந்தக் கற்கைநெறியை முடித்தவரை இலங்கை தாதியர் பேரவை பதிவு செய்யுமா என்பதே. கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டு வருடத்தில் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. ஊழியர் சேமலாப நிதியில் என் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்து கிடக்கின்றன. ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான் அந்தப் பணம் கைக்கு வரும். நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுவதென்றால் முன்னரே எடுக்கலாம் என்ற விதியை நான் வாசித்தபோது மனைவி சிரித்துவிட்டார். “பாருங்கோ, அரசாங்கமும் எந்த நாட்டுக்கு என்றுதான் கேட்குது.”

ஆம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. அலுவலகத்தில் கேட்டார்கள். முறிந்த இடுப்போடு கிடக்கும் எழுபது வயது ஆணுக்கு மலச்சட்டி வைப்பவர் ஆணாக இருந்தால் அவருக்கு எவ்வளவு கூச்சம் குறையும் என்று சொன்னேன். பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

இந்த ஆசையை எட்டு மாதம் மனதுக்குள் வைத்திருந்தது என் பிழை. அந்த மாதங்களில் நான் இணையத்தில் தேடியதையும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்ததையும் அவர் கவனித்திருக்கிறார்; தங்கையின் கணவரும் அப்படித்தான் கவிழ்த்து வைத்தாராம். தொழில் மாற நினைக்கும் கணவனோ மனைவியோ, நம் ஊரில், நம் காலத்தில், ‘நான் போகவில்லை’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன். போவதாக இருந்தால் அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. கொப்பி மேசையில்தான் இருக்கிறது. இந்தப் பதிவை இடுமுன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். அந்த இரவில் அவர் பயந்துபோனார் என்று எழுதியிருந்தேன். “பயமில்லை, கோபம்” என்று அந்த வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பிறகு, “மாமிக்கு நீங்களே சொல்லுங்கோ, நான் சொல்லமாட்டன்” என்றார். அம்மாவுக்கு நாளைக் காலையில் கோல் எடுக்க வேண்டும்.