ஸ்கேன் போடாதது யார், பணம் நிற்பது யாருக்கு?

நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் அதற்குக் கீழே வந்த கமெண்டுகளையும் பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றி என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: நான் ஜமக்காளம் விற்கிற ஆன்லைன் தளம், ஒரு பார்சல் போய்ச் சேர்ந்ததாக ஸ்கேன் (கூரியர்க்காரர் லேபிளைக் கருவியில் படித்துப் போடுகிற பதிவு) விழவில்லை என்று சொல்லி என் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத மனம் வரவில்லை. "ட்ராக்கிங்கைக் கவனிக்கத் தெரியாதவர்கள் ஏன் ஆன்லைனில் விற்க வருகிறீர்கள்" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். முக்கியமாக அவருக்குத்தான் இது.

நான் கவனிக்கவில்லை என்று யார் சொன்னது? காலையில் எழுந்ததும் முதலில் திறப்பது, தளத்தில் விற்பவர்களுக்கான பக்கமான செல்லர் பேனலைத்தான். கூரியரின் ஹைதராபாத் ஹப் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடம்) வரை அந்தப் பார்சலுக்கு ஸ்கேன் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை, 'இன் ட்ரான்சிட்' என்றே நிற்கிறது. ஆனால் வாங்கிய அம்மா பவானி ஜமக்காளத்தைக் கூடத்தில் விரித்துப் படம் எடுத்து, ஐந்து ஸ்டாரும் போட்டுவிட்டார். அதே தளத்தில், அதே பொருளுக்குக் கீழே. இருந்தும் பொருள் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கொடு என்று என்னைக் கேட்கிறார்கள். அந்த ஒரு பார்சலைக் காரணம் காட்டி மொத்த செட்டில்மென்டையும், அதாவது எனக்கு வர வேண்டிய விற்பனைப் பணம் முழுவதையும், ஹோல்டில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கூரியர் நான் பிடித்தது இல்லை, அந்தத் தளம் ஒதுக்கியது. லேபிள் அவர்கள் கொடுத்தது. பிக்கப்புக்கு வந்த பையன் மேனிஃபெஸ்ட்டில் (பார்சல் பட்டியலில்) கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிறான். அதோடு பார்சல் என் கையை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு அது எங்கே இருக்கிறது என்று அவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஸ்கேன் போடுவது அவர்கள் வேலை, நிற்பது என் பணம்.

"வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு வேண்டாமா, காலி டப்பா அனுப்புகிறவர்களும் இருக்கிறார்களே" என்கிறீர்கள். சரி, இருக்கிறார்கள். ரிட்டர்ன் காலம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. வாங்குபவரின் பணத்தைப் பெற்று விற்றவருக்குக் கொடுக்கிற பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொடுத்த நெறிமுறையிலேயே அதற்கு இடம் இருந்தது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால், ரிட்டர்ன் காலம் முடிந்த மறுநாளுக்குள் விற்றவருக்குப் பணம் போக வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. சிக்கல் எங்கே என்றால், அந்தக் காலம் எண்ணத் தொடங்குவதே 'டெலிவர்ட்' என்ற ஸ்கேனிலிருந்து. ஸ்கேன் விழாவிட்டால் நாள் எண்ணவே ஆரம்பிக்காது, பணமும் வராது. அப்படியானால் ஒரு ஹேண்ட்ஹெல்ட் கருவியில் ஒருவர் பட்டனைத் தட்ட மறந்ததற்கு என் பணம் எத்தனை மாதம் நிற்கலாம்? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

என் அப்பா காலத்தில் ஜமக்காளக் கட்டு லாரி ஆபீசில் புக் ஆகிப் போகும். சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு லாரி ஆபீஸ் தருகிற எல்.ஆர். ரசீது கையில் இருந்தால் போதும். கட்டு வரவில்லை என்று பெங்களூர்க் கடைக்காரர் சொன்னால், அப்பா ரசீதை எடுத்துக்கொண்டு லாரி ஆபீசுக்குப் போய் நிற்பார், அவர்கள் ஃபோன் போட்டுத் தேடுவார்கள். உங்கள் சரக்கு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்து வாருங்கள் என்று அவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. "அந்தக் கடைக்காரர்களும் மூன்று மாதம் இழுத்தடித்தார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இழுத்தடித்தார்கள். ஆனால் அப்பா நேரில் போனால் உட்கார வைத்து, பாதியாவது கொடுத்து அனுப்புவார்கள். நான் யாரிடம் போய் நிற்பது? டிக்கெட் போட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது, பிறகு டிக்கெட் 'ரிசால்வ்ட்' ஆகிவிடுகிறது.

சட்டம் இருக்கிறதே என்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால் அது பொருளை வாங்குபவருக்கான சட்டம். தளமோ நாங்கள் வாங்குபவர் இல்லை, நடுவில் இருப்பவர் மட்டுமே என்கிறது. வாங்கிய அம்மா அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். நடுவில் இருப்பவரிடம்தான் அது இருக்கிறது. ஜி.எஸ்.டி.க்கு இந்த ஹோல்ட் எல்லாம் தெரியாது. பில் போட்ட மாதத்தின் வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு, கையிலிருந்து எடுத்து வரி கட்டியிருக்கிறேன்.

டெலிவரி பையன்கள் பாவம் என்று எழுதியவர்களுக்கு: அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வெயிலில் அத்தனை பார்சலைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைகள். ஒரு ஸ்கேன் தவறுவது மனித இயல்பு. தவறியதைச் சரிசெய்ய அவர்களுக்கு மேலே இருப்பவர்களிடம் ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வாங்கியவருக்கு ஒரு ஃபோன் போட்டால் முடிகிற விஷயம் இது. நான் போட முடியாது, அவருடைய எண்ணை எங்களுக்குக் காட்டுவதில்லை. அவர்கள் போடலாம், போட மாட்டேன் என்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தால் தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுக்க உட்கார்ந்து நெய்கிற வயதான மனிதரிடம் 'உங்கள் கூலி ரிவ்யூவில் இருக்கிறது' என்று நான் சொல்ல முடியுமா? போன வாரம் நகையை வைத்துத்தான் கொடுத்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் "பொய் சொல்லிப் பணம் கேட்கிற செல்லர்கள் நிறைய" என்று என் பதிவுக்குக் கீழேயே ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு மறைத்து வைக்கத் தோன்றவில்லை. என் பொருளைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். என்னைத் திருடி என்று சொல்லாதீர்கள்.

இதே மாதிரி ஹோல்டில் மாட்டியிருப்பவர்கள் மேனிஃபெஸ்ட் நகல், பேக்கிங் வீடியோ, டிக்கெட் எண் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஈரோடு, சென்னிமலை, பவானி பக்கம் விற்பவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். எல்லோருடைய விவரத்தையும் சேர்த்து ஒரே புகாராக அனுப்பலாம் என்று இருக்கிறேன். வாங்கியவர்களின் பெயர், முகவரி இருக்கிற படங்களைத் தயவுசெய்து கமெண்டில் போடாதீர்கள்.